ஒரு பெட்டிக்கு வாடகை கட்டினால் போதாதா?

பாடம்: செல்போனில் காசு கட்டி வாங்கும் சேமிப்பிடம்



"உங்கள் சேமிப்பிடம் நிரம்பிவிட்டது" என்று செல்போனில் ஒரு செய்தி வருது இல்லையா? அதுக்குக் கீழேயே, மாசம் இவ்வளவு கட்டினால் கூடுதல் இடம் தருகிறோம் என்று ஒரு பொத்தானும் இருக்கும். சிலர் அதை அமுக்கிவிட்டார்கள். சில வீட்டில் பிள்ளைகள் அமுக்கிவிட்டார்கள். இன்னும் சிலருக்கு ரீசார்ஜ் செய்யும்போது "இலவசம்" என்று ஒட்டிக்கொண்டு வந்தது, சில மாசம் கழித்துக் காசு பிடிக்க ஆரம்பித்துவிட்டது. இப்படி ஒரே வீட்டில், ஒரே போனில், இரண்டு கம்பெனிக்கு வாடகை போகிற நிலைமை வந்திருக்கு. குழுப் பணத்திலிருந்து இதுக்குக் கட்டலாமா, ஒண்ணு போதுமா, பத்திரத்துக்கு இரண்டு வேணுமா என்று கூட்டங்களில் கேள்வி வருது. இந்தப் பாடம் அதைப் பற்றித்தான்.

மேகம் என்பது என்ன?

"கிளவுட்" என்கிறார்கள், தமிழில் மேகம். மேலே வானத்தில் ஒன்றும் இல்லைங்க. ஏதோ ஓர் ஊரில், பெரிய கட்டடத்துக்குள், ஏசி போட்டு வரிசையாக அடுக்கி வைத்த கம்ப்யூட்டர்கள். நம்ம போட்டோவும் பாஸ்புக் நகலும் நெட் வழியாக அங்கே போய் உட்காருது. பேங்க் லாக்கர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் லாக்கரில் வைத்த நகை நம்ம வீட்டில் இருக்காது. மேகத்தில் வைத்த போட்டோ நம்ம போனிலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். பின்னால் விவரமாகச் சொல்கிறோம்.

கூகுள் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் 15 ஜி.பி. இடம் இலவசம். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பானை. ஆப்பிள் கம்பெனியும் மைக்ரோசாப்ட் கம்பெனியும் ஆளுக்கு 5 ஜி.பி. இலவசமாகத் தருகின்றன.

முன்னெல்லாம் நிரம்பாத பானை இப்போ ஏன் நிரம்புது? 2021 மே மாசம் வரைக்கும், தரம் கொஞ்சம் குறைத்து ஏற்றிய போட்டோக்களைக் கூகுள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எத்தனை ஆயிரம் போட்டாலும் இலவசம். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் ஒவ்வொரு போட்டோவும் அந்த 15 ஜி.பி.யில் கழியுது. அடுத்து வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேச்சுக்கு எடுத்து வைக்கும் நகல் ரொம்ப காலம் கணக்கில் வராமல் இருந்தது. 2024-ல் அதையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். முதலில் பழக்கிவிட்டு அப்புறம் வாடகை கேட்பது வியாபாரிகளுக்குப் புதுசு இல்லை, நமக்கும் புதுசு இல்லை.

பானையில் என்ன கிடக்கு?

ஒரு குழுக் கூட்டத்தில் நடக்கும் பேச்சு மாதிரி இதைப் பாருங்கள்.

உறுப்பினர்: அக்கா, நோட்டு போட்டோ எதுவும் ஏற மாட்டேங்குது. இடம் இல்லைன்னு சொல்லுது. இன்னொரு கம்பெனியிலயும் காசு கட்டி வாங்கிடலாமா?

ஊக்குநர்: ஏற்கனவே ஒண்ணுக்குக் கட்டறியேம்மா. அந்தப் பானையில இன்னா கெடக்குதுன்னு பாத்தியா?

உறுப்பினர்: இன்னாக்கா, நம்ம தீர்மான நோட்டுதான். அஞ்சு வருஷத்து நோட்டு.

ஊக்குநர்: அது எவ்ளோ இடம் புடிக்கும்னு நெனைக்கிற?

கணக்குப் போடுவோம். நோட்டில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்தால் சுமார் 3 எம்.பி. ஒரு கூட்டத்துக்குத் தீர்மானப் பக்கம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம், பேங்க் பாஸ்புக் எல்லாம் சேர்த்து 10 போட்டோ என்று வையுங்கள். மாசம் 4 கூட்டம், வருஷத்துக்கு 480 போட்டோ. 480 தடவை 3 என்றால் 1,440 எம்.பி. கிட்டத்தட்ட ஒன்றரை ஜி.பி. ஐந்து வருஷத்துக்கு ஏழரை ஜி.பி. குழுவுக்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்து, அதில் குழு நோட்டு மட்டும் ஏற்றினால், இலவச இடமே பத்து வருஷத்துக்கு வரும்.

அப்போ 100 ஜி.பி.யை நிரப்பியது எது? வீடியோ. நல்லா எடுக்கும் போனில் ஒரு நிமிஷ வீடியோ 100 எம்.பி. வரைக்கும் பிடிக்கும். அதாவது பதினைந்து நிமிஷம் எடுத்த காதுகுத்து வீடியோ, குழுவோட ஒரு வருஷ நோட்டுக்குச் சமம். அதோடு வாட்ஸ்அப்பில் காலையில் வரும் வணக்கப் படங்கள், கோயில் திருவிழா, மீம்ஸ், ஒரே வீடியோ ஐந்து குரூப்பில் ஐந்து தடவை. வேண்டாம் என்று சொல்லவில்லை. பேத்தி நடை பழகின வீடியோவுக்கு விலை ஏது? ஆனால் அது வீட்டுச் சொத்து. குழுச் செலவில் அதுக்கு வாடகை கட்டக் கூடாது.

வாட்ஸ்அப் அமைப்புகளில் நகல் எடுக்கும் இடத்தில் "வீடியோக்களையும் சேர்" என்று ஒரு விசை இருக்கும். அதை நிறுத்திவிட்டால் பல போனில் பாதிச் சுமை குறையும். கூகுள் கணக்கிலும் பெரிய ஃபைல்களை வரிசையாகக் காட்டும் இடம் உண்டு. மேலே இருக்கும் இருபதை மட்டும் பார்த்து, வேண்டாததை நீக்குங்கள். பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு ஒரு நாளை வீணாக்க வேண்டியதில்லை.

இடம் வேணுமா, பத்திரம் வேணுமா?

இரண்டாவது வாடகை கேட்கிறவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, இடம் போதவில்லை. இன்னொன்று, ஒரே இடத்தில் வைத்தால் பயமாக இருக்கு. இரண்டும் வேற வேற. முதல் காரணத்துக்கு இரண்டாவது கம்பெனி தேவையே இல்லை. இருக்கிற கம்பெனியிலேயே பெரிய திட்டம் எடுப்பது சுலபம். பாதிப் போட்டோ இங்கே, பாதி அங்கே என்று பிரித்துப் போட்டால் ஆடிட் வரும்போது 2022 ஆகஸ்ட் மாசத்து ரொக்கப் பக்கம் எங்கே என்று இரண்டு வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம் நியாயமான காரணம். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நம்ம செஞ்சிப் பக்கத்தில் தளவானூர் குடைவரையைப் பார்த்திருப்பீர்கள். பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து செய்த கோயில், பெயர் சத்ருமல்லேசுவராலயம். ஆயிரத்து நானூறு வருஷம் ஆகப் போகுது. அதில் வெட்டிய எழுத்து இன்றைக்கும் இருக்கு. கல் அப்படி. அப்படிப்பட்ட கல்லையே நம்பி விட்டுவிடவில்லை பாருங்கள். கல்வெட்டுத் துறைக்காரர்கள் இந்த மாதிரிக் கல்வெட்டுகளில் ஈரத் தாளை ஒட்டி, மை தடவிப் படி எடுத்து வேறு ஊரில் பத்திரப்படுத்துவார்கள். புத்தகத்திலும் அச்சிட்டு வைப்பார்கள். பாறைக்கு ஏதாவது ஆனாலும் என்ன எழுதியிருந்தது என்பது தொலையாது. ஒரே எழுத்து, மூன்று இடம், மூன்று விதமான பொருளில்.

நம்ம நோட்டு கல் இல்லை, காகிதம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. நம்ம விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனை தெரு குளமாச்சு என்று உங்களுக்கே தெரியும். வீட்டுக்குள்ள தண்ணி வந்தால் முதலில் நனைவது பீரோவோட அடித்தட்டும் கட்டிலுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பெட்டியும்தான். நோட்டும் பத்திரமும் வைப்பது அங்கேதான். மை கரைந்த கடன் பேரேட்டை வைத்துக்கொண்டு யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்ல முடியுமா? அந்தச் சண்டையில் குழுவே உடையும். அதனால் நகல் வேண்டும் என்பதில் இரண்டாவது பேச்சே இல்லை. எத்தனை நகல், எங்கே என்பதுதான் கேள்வி.

கட்டடத்துக்குள்ளும் தீப்பிடிக்கும்

பெரிய கம்பெனி, பெரிய கட்டடம், அங்கே எதுவும் ஆகாது என்று நினைக்கலாம். 2025 செப்டம்பர் 26-ந் தேதி தென்கொரியாவில் தேஜான் நகரத்தில் அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் ஃபைல்களை வைத்திருந்த "ஜி டிரைவ்" என்ற மேகம் அதோடு அழிந்துபோனது. 858 டெராபைட், அதாவது 8 லட்சத்து 58 ஆயிரம் ஜி.பி. அதுக்கு வெளியில் நகல் இல்லை. அளவு ரொம்பப் பெரிசு, நகல் எடுக்க முடியவில்லை என்றார்கள். நம்மை விட எவ்வளவோ முன்னேறிய நாடு!

இன்னொன்று, நம்ம வேலைக்கு நெருக்கமானது. ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்று ஓர் ஓய்வூதிய நிதி. ஆறு லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள், அவர்கள் சேமிப்பை வைத்து நடத்தும் நிறுவனம். நம்ம குழுவையே ரொம்பப் பெரிசா நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கூகுள் மேகத்தில் கணக்கு வைத்திருந்தார்கள். இரண்டு ஊரில் நகல் இருக்கும்படிதான் ஏற்பாடு. ஆனால் 2024 மே மாசம், கூகுள் பக்கத்தில் அமைப்பில் நடந்த ஒரு தவறால் அவர்கள் சந்தாவே நீக்கப்பட்டது. சந்தா போனதும் இரண்டு ஊரில் இருந்ததும் ஒன்றாகப் போனது. ஒரு வாரத்துக்கு மேல் உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் மீட்டார்கள். வேறொரு கம்பெனியிடம் தனியாக ஒரு நகல் வைத்திருந்தது கைகொடுத்தது.

அப்போ இரண்டு கம்பெனிக்குக் காசு கட்டுவதுதான் சரி என்று இதைப் படித்தால் தோணும். கொஞ்சம் பொறுங்க. அவர்களைக் காப்பாற்றியது, இரண்டாவது நகல் வேற கையில் இருந்தது. ஆறு லட்சம் பேர் கணக்கை நோட்டிலும் பென்டிரைவிலும் வைக்க முடியாது, அதனால் அவர்களுக்கு அந்த வேற கை இன்னொரு கம்பெனியாக இருந்தது. பன்னிரண்டு பேர், இருபது பேர் இருக்கும் குழுவுக்கு வேற கை என்பது ரொம்ப சுலபமாகக் கிடைக்கும்.

முதலில், நோட்டே ஒரு படி. அதை மறந்துவிட்டுப் பேசுகிறோம். நோட்டு ஊக்குநர் வீட்டில், போட்டோ குழுக் கணக்கில், அப்படியென்றால் இரண்டு வந்தாச்சு. மூன்றாவது, ஒரு பென்டிரைவ். ஒரே தடவைச் செலவு, மாசா மாசம் யாரும் பிடிக்க மாட்டார்கள். அதைப் பிரதிநிதி வீட்டில் வைக்கலாம், அதை விட நல்லது கூட்டமைப்பு அலுவலகத்தில் வைப்பது. ஒரே தெருவில் இரண்டு வீடு என்றால் வெள்ளம் இரண்டுக்கும் சேர்த்தே வரும். பென்டிரைவும் சும்மா கிடந்தால் கெட்டுப்போகும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போட்டுத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நகல் என்று சொல்லக் கூடாது.

கூட்டமைப்பின் கணக்கு வேற. 20 குழு, ஆளுக்கு வருஷம் ஒன்றரை ஜி.பி. என்றால் 30 ஜி.பி. இலவச இடம் போதாது. கூட்டமைப்பு 100 ஜி.பி. திட்டம் ஒன்று எடுத்தால் மூன்று வருஷம் தாங்கும். கூகுளில் இந்த அளவுத் திட்டம் நம்ம நாட்டில் மாசம் 130 ரூபாய், வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 1,300 ரூபாய் என்று பல வருஷமாக இருந்த விலை. விலை மாறலாம், வாங்கும்போது திரையில் காட்டுவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1,300-ஐ 20 குழுவுக்குப் பிரித்தால் குழுவுக்கு வருஷம் 65 ரூபாய். ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக வாங்குவதை விட இது எவ்வளவோ மேல். இதோடு அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு ஹார்டு டிஸ்க் இருந்தால் கூட்டமைப்புக்கும் இரண்டாவது வாடகை வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

வைத்தோம் என்று நினைத்து வைக்காதது

மேலே பின்னால் சொல்கிறோம் என்றோமே, அது இதுதான். காசு கட்டி மேகம் வைத்திருப்பதாலேயே நகல் இருக்கு என்று ஆகாது.

கூகுள் போட்டோஸில் நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதே செயலியில் ஒரு போட்டோவை நீக்கினால் போனிலும் போகும், மேகத்திலும் போகும். குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், அப்புறம் திரும்ப வராது. கணக்கு எழுதும் பொண்ணு தெரியாமல் ஒரு ஆல்பத்தை நீக்கினால், இரண்டு மாசத்துக்குள் யாராவது கவனித்தால்தான் உண்டு.

"போனில் இடத்தைக் காலியாக்கு" என்று இன்னொரு பொத்தான். அதை அமுக்கினால் போனில் இருக்கும் படங்கள் போய்விடும், மேகத்தில் மட்டும் இருக்கும். இரண்டாக இருந்தது ஒன்றாச்சு! தப்பு இல்லை, ஆனால் தெரிந்து செய்ய வேண்டும். அந்த நோட்டுப் படங்கள் பென்டிரைவில் ஏறிய பிறகு அமுக்குங்கள்.

இலவசமாக இரண்டாவது கணக்கு ஒன்று தொடங்கி அதில் போட்டு வைக்கலாமே என்றால், செய்யலாம். ஆனால் இரண்டு வருஷம் யாரும் திறக்காத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம். 2023 டிசம்பரிலிருந்து அந்த நடைமுறை வந்தாச்சு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பென்டிரைவைத் திறக்கும் அன்றே அந்தக் கணக்கையும் திறந்து பாருங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து தீயும் இல்லை, வெள்ளமும் இல்லை. கணக்கு யார் பேரில் இருக்கு என்பதுதான். ஊக்குநரோட பையன் போனில், அவன் ஜிமெயிலில், அவனுக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டில் குழுவோட ஐந்து வருஷப் பதிவு இருக்கும். அவன் வேலைக்கு ஓசூர் போவான், போன் மாத்துவான். ஊக்குநரும் பிரதிநிதிகளும் மாறுவார்கள், மாறித்தான் ஆக வேண்டும். பேங்க் கணக்கில் கையெழுத்து மாற்றத் தீர்மானம் போடுகிறோம் இல்லையா, அதே மாதிரி இதுக்கும் போடணும். குழு பேரில் தனி ஜிமெயில். மீட்புக்குக் கொடுக்கும் போன் எண்ணும் மெயிலும் வேற வேற பொறுப்பாளருடையதாக இருக்கட்டும். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, மூன்று பேர் குறுக்கே கையெழுத்துப் போட்டு பேங்க் பாஸ்புக்கோடு வையுங்கள். பொறுப்பு கைமாறும் அன்றைக்குப் புது பாஸ்வேர்டு, புதுக் கவர், தீர்மானத்தில் ஒரு வரி.

ஆதார் நகல் விஷயம் ஒன்று. உறுப்பினர்களோட ஆதார் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், மேகத்திலும் அள்ளிக் கொட்டாதீர்கள். அவரவர் போனில் டிஜிலாக்கர் இருக்கு. 2015-ல் மத்திய அரசு தொடங்கியது, காசு கிடையாது. ஆதார், டிரைவிங் லைசென்ஸ் மாதிரி வழங்கிய துறையிடமிருந்தே நேரே வரும் ஆவணங்கள் அதில் அசலுக்குச் சமம். இதுக்காக யாருக்கும் வாடகை கட்ட வேண்டியதில்லை.

யாருக்கு இரண்டு வேணும்?

யாருக்குமே வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். வீடியோ எடுத்துத் தொழில் பண்ணுகிறவர்கள் இருக்காங்க. கல்யாண வீடியோ பண்ணும் ஒரு பொண்ணுக்கு வாடிக்கையாளர் ஃபைல் தொலைந்தால் பேரே போகும், இரண்டு கம்பெனிக்குக் கட்டினாலும் அது தொழில் செலவு, விலையில் ஏற்றிக்கொள்வார். அப்புறம், போன் ஆப்பிளாகவும் குழு வேலை கூகுளிலும் இருப்பவர்கள். ஆப்பிள் போனோட முழு நகல் அவர்கள் மேகத்தில்தான் சுலபமாகப் போகும். அப்படிப்பட்டவர்களும் ஒன்றில் சின்னத் திட்டம், இன்னொன்றில் இலவச அளவு என்று முடிக்கப் பார்க்கலாம்.

குடும்பத்தில் அம்மா ஒரு திட்டம், மகள் ஒரு திட்டம், இரண்டும் கூகுளில் என்றால் அது சுத்த வீண். ஒரு திட்டத்தைக் குடும்பத்தில் இன்னும் 5 பேரோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். அவரவர் போட்டோ அவரவருக்கு மட்டும்தான் தெரியும், இடம் மட்டும் பொது. ஆனால் எல்லாரும் ஒரே நாட்டில் இருக்கணும். துபாயில் இருக்கும் பையனை இதில் சேர்க்க முடியாது.

வருஷம் 1,300 ரூபாய் ஒரு பெரிய தொகையா என்று கேட்கலாம். வாரம் 25 ரூபாய் சேமிக்கும் ஓர் உறுப்பினரோட முழு வருஷச் சேமிப்பு அது. 25 தடவை 52, சரியாக 1,300. வெளியில் கடனாகக் கொடுத்திருந்தால் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் வருஷம் 156 ரூபாய் குழுவுக்கு வந்திருக்கும்.

நிறுத்துவது எப்படி?

"இலவசம்" என்று வந்ததைப் பற்றி முதலில். 2024 ஆகஸ்டில் ஜியோ 100 ஜி.பி. வரை மேக இடம் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. 2025 மே மாசம் ஏர்டெல், போஸ்ட்பெய்டு, வைஃபை வாடிக்கையாளர்களுக்கு ஆறு மாசம் கூகுளோட 100 ஜி.பி. இலவசம் என்றது, அதுக்கப்புறம் கட்டணம். இப்படி வரும் எதையும் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் எந்தத் தேதியில் இலவசம் முடியுது என்று அன்றைக்கே காலண்டரில் எழுதணும். இலவச இடம் இருக்கே என்று 80 ஜி.பி.யை அதில் கொட்டிவிட்டால், ஆறாவது மாசம் எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நிற்போம். ஓசியில் வந்த பெட்டியில் அசலை வைக்காதீர்கள், படியை மட்டும் வையுங்கள்.

செயலியைப் போனிலிருந்து நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ், சந்தாக்கள் என்ற இடத்துக்குப் போய் அங்கே ரத்து செய்ய வேண்டும். யுபிஐ மூலம் பிடிப்பதாக இருந்தால் போன்பே, ஜிபே செயலியில் "ஆட்டோபே" என்ற பகுதியிலும் போய்ப் பாருங்கள். எந்தெந்தக் கம்பெனி உங்கள் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க அனுமதி வாங்கி வைத்திருக்கு என்று வரிசையாகக் காட்டும். சில சகோதரிகளுக்கு அங்கே ஆச்சரியம் காத்திருக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பிடிப்பதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே செய்தி அனுப்பணும். அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். அதே நேரத்தில், "உங்கள் போட்டோக்கள் இன்று அழியும், இந்த லிங்கைத் தொட்டுப் பணம் கட்டுங்கள்" என்று வருவது மோசடி. லிங்கைத் தொடாமல், போன் அமைப்புக்குள் நீங்களே போய்ப் பாருங்கள்.

காசு கட்டுவதை நிறுத்தினால் எல்லாம் அழிந்துவிடுமோ என்ற பயம் இருக்கு. கூகுளில் உடனே எதுவும் அழியாது. 15 ஜி.பி.க்கு மேல் இருந்தால் புதுசாக எதுவும் ஏறாது, ஜிமெயிலும் வராது, போகாது. இந்த மெயில் விஷயம்தான் கவனிக்க வேண்டியது. பிள்ளையோட காலேஜ் விண்ணப்பத்துக்கு அந்த மெயிலைக் கொடுத்திருந்தால், ஹால் டிக்கெட் வராமலே போகும். அளவுக்கு மேலேயே இரண்டு வருஷம் கிடந்தால் அவர்கள் நீக்கலாம். அதனால் வரிசை முக்கியம். முதலில் கம்ப்யூட்டரில் இறக்கிப் பென்டிரைவில் ஏற்றுங்கள். எண்ணிக்கை சரியா என்று பாருங்கள், நடுவில் பத்துப் படத்தைத் திறந்து எழுத்து தெரியுதா என்று பாருங்கள். அப்புறம் மேகத்தில் வீடியோக்களை நீக்கி 15-க்குக் கீழே கொண்டுவாருங்கள். கடைசியாகத்தான் சந்தா ரத்து. கூட்டமைப்புக் கம்ப்யூட்டரில் இதைச் செய்ய ஒரு மத்தியானம் போதும், நெட் நல்லா இருந்தால்.

அடுத்த கூட்டத்தில் செய்ய

எல்லோரும் போனைக் கொண்டுவாருங்கள். கூகுள் கணக்கில் எத்தனை ஜி.பி. நிரம்பியிருக்கு, அதில் போட்டோ எவ்வளவு, வாட்ஸ்அப் எவ்வளவு என்று பக்கத்தில் இருப்பவர் உதவியோடு பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். ஆட்டோபே பட்டியலையும் அப்போதே பாருங்கள், ஆனால் பின் நம்பரையோ ஓடிபியையோ பக்கத்தில் இருப்பவரிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

குழுக் கணக்குக்கு மட்டும் இந்த நான்கு கேள்விக்குப் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். கணக்கு யார் பேரில்? பாஸ்வேர்டு கவர் எங்கே? நோட்டுப் படங்கள் நோட்டைத் தவிர இன்னும் எத்தனை இடத்தில் இருக்கு, அவை வேற வேற கையில் இருக்கா? பணம் பிடிப்பதாக இருந்தால் எந்தத் தேதியில், எவ்வளவு?

மூன்றாவது கேள்விக்கு "இரண்டு இடம், வேற வேற கை" என்று பதில் வந்தால் அந்தக் குழுவுக்கு இரண்டாவது சந்தா வேண்டாம். "ஒரே இடம்" என்று வந்தாலும் முதலில் பென்டிரைவ் வாங்குங்கள், சந்தாவைப் பற்றி அப்புறம் பேசலாம். பணம் பிடிக்கும் தேதியைப் பேங்க் தவணைத் தேதிக்குப் பக்கத்திலேயே குறித்து வைத்தால், புதுசாக வரும் ஊக்குநருக்கும் கண்ணில் படும்.